கைமாறும் மோட்டார்

ஜோகூர் பாருவிலிருந்து கோத்தா திங்கிக்குப் போகும் மூன்றாம் எண் கூட்டரசு சாலையில் உள்ள உலு திராமில், பதினாறு வயதை எட்டும் பையனுக்குப் பல வீடுகளில் கிடைக்கும் முதல் சொத்து ஒரு மோட்டார். அது பெரும்பாலும் புதியதாக இருக்காது. அப்பா பல ஆண்டுகள் வேலைக்கு ஓட்டிய கப்சாய், அவர் வேறொன்று வாங்கியதும் மகனுக்கு வரும். சாவியோடு அப்பா ஓட்டும் விதமும் சேர்ந்தே கைமாறுகிறது. லோரிக்குப் பக்கத்தில் எங்கே நிற்பது, மஞ்சள் விளக்கைக் கண்டால் நிறுத்துவதா முறுக்குவதா, மழை தூறினால் வேகத்தைக் குறைப்பதா வீட்டுக்குப் பறப்பதா என்பதெல்லாம் பயிற்சி நிலையத்தின் வாசலை மிதிப்பதற்கு முன்பே பையனுக்குள் படிந்துவிடுகின்றன. மோட்டார் பாதுகாப்பு என்றாலே சட்டமும் சம்மனும் ஹெல்மெட்டும்தான் பேச்சில் அடிபடும். வீட்டுக்குள் நடக்கும் இந்தப் பாடத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

கணக்கு என்னவோ கனமானது. மலேசியச் சாலைகளில் 2022இல் 6,080 பேரும் 2023இல் 6,443 பேரும் இறந்தார்கள். இவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் மோட்டார் ஓட்டியவர்களும் பின்னால் உட்கார்ந்து போனவர்களும். நாட்டில் பதிவான வாகனங்களில் மோட்டார்கள் பாதிக்குச் சற்றே குறைவு. சாவில் அவற்றின் பங்கு அதைவிட மிகவும் கூடுதல். இறப்பவர்களில் இளைஞர்கள் மிகுதி. ஆகவே இது வாகனத்தைப் பற்றிய செய்தியாக மட்டும் இல்லாமல், ஒரு தலைமுறை அடுத்த தலைமுறைக்கு எதை எப்படிக் கொடுக்கிறது என்ற செய்தியாகவும் ஆகிறது.

உலு திராமைச் சுற்றி முன்பு ரப்பர் தோட்டங்கள் இருந்தன, பின்னர் செம்பனை வந்தது. தோட்டத்துப் பிள்ளைகள் மோட்டார் பழகியது மரங்களுக்கிடையே ஓடிய மண் பாதைகளில். அங்கே எதிரே வருவது ஒரு டிராக்டர், இல்லையென்றால் மாடு. விழுந்தால் முழங்கால் தேயும், அவ்வளவுதான். கையால் பிடிக்கும் கிளட்ச் இல்லாத, காலால் கியர் மாற்றும் சிறிய ஹோண்டா அந்தப் பாதைகளுக்கென்றே செய்ததுபோல் இருந்தது. 1958இல் ஜப்பானில் வெளிவந்த சூப்பர் கப் வண்டியின் வழித்தோன்றல்களான இவற்றைத்தான் மலேசியா கப்சாய் என்கிறது. ஹோண்டா ஈஎக்ஸ்5, யமஹா லாகெண்டா, கெடா மாநிலத்தின் குரூனில் உருவான மொடினாஸ் கிரிஸ் எல்லாம் அந்தக் குடும்பமே. இன்று தோட்டங்களின் இடத்தில் தாமான் எனும் குடியிருப்புகள் எழுந்துவிட்டன. தாமானின் கடைசி வரிசை வீட்டிலிருந்து கிளம்பும் பையன் இரண்டு திருப்பம் தாண்டினால் லோரிகளும் தொழிற்சாலைப் பேருந்துகளும் ஓடும் பெரிய சாலையில் நிற்பான். விழுந்து பழக இடம் இல்லாமல் போய்விட்டது, பழக்கும் முறை மட்டும் தோட்டத்துக் காலத்திலேயே நின்றுவிட்டது.

சட்டப்படி பி2 லைசன் எடுக்க வயது 16. காருக்கு 17 ஆக வேண்டும். அதிக ஆபத்தான வாகனத்துக்குக் குறைந்த வயது என்பது விந்தைதான், ஆனால் கூலி வேலைக்கும் பள்ளிக்கும் போக ஏழைக் குடும்பத்துக்கு அதுதானே வண்டி. பி2 என்பது 250 சிசி வரையிலான மோட்டார்களுக்கு உரியது. முதலில் வகுப்பும் கணினித் தேர்வும்: 50 கேள்விகளில் 42 சரியாக இருக்க வேண்டும், தமிழிலும் எழுதலாம். பிறகு எல் லைசன், செய்முறைப் பயிற்சி, சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் தேர்வு. தேறியதும் இரண்டு ஆண்டுகளுக்கு பி என்ற தற்காலிக லைசன். வசதி குறைந்த குடும்பங்களின் இளைஞர்கள் கட்டணம் இல்லாமல் பி2 எடுக்க மைலெசன் என்ற திட்டத்தைப் போக்குவரத்து அமைச்சு நடத்துகிறது. லைசன் இல்லாமல் ஓட்டுவதற்குப் பணம் இல்லாமை ஒரு காரணம் என்பதை அரசே ஒப்புக்கொண்டதன் அடையாளம் அது.

தேர்வின் பெரும்பகுதி மூடிய திடலுக்குள் நடக்கும். குறுகிய பலகையின் மேல் விழாமல் மெதுவாக ஓட்டுவது, கூம்புகளுக்கிடையே வளைந்து செல்வது போன்றவை வண்டியைச் சமன் செய்யத் தெரிகிறதா என்று பார்க்கும் சோதனைகள். அது தெரிய வேண்டியதே. ஆனால் மெதுவாகப் போய்ப் பலகையிலிருந்து சறுக்கியவர்கள் யாரும் சாவதில்லை. சந்திப்பில் எதிர்ப்பக்கக் கார் குறுக்கே திரும்பும்போதும், முன்னால் போகும் லோரி திடீரென நிற்கும்போதும், இருட்டில் கவனம் கலையும்போதும்தான் சாகிறார்கள். இவை எதையும் திடலில் வைத்துப் பார்க்க முடியாது. 

பயிற்சிக்கும் சாலைக்கும் உள்ள இந்த இடைவெளியை உலகுக்கு எடுத்துக்காட்டிய பழைய ஆய்வு ஒன்று உண்டு. அமெரிக்காவின் தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹாரி ஹர்ட் என்பவரின் குழு, லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்தில் நடந்த 900 மோட்டார் விபத்துகளைச் சம்பவ இடத்துக்கே போய் ஆராய்ந்து 1981இல் அறிக்கை வெளியிட்டது. விபத்தில் சிக்கிய ஓட்டுநர்களில் 92 விழுக்காட்டினர் தாங்களாகவே பழகியவர்கள், அல்லது குடும்பத்தினரிடமோ நண்பர்களிடமோ கற்றவர்கள். வேறொரு வாகனத்தோடு மோதிய விபத்துகளில் மூன்றில் இரண்டு பங்கில் தவறு அந்த மற்ற வாகன ஓட்டியுடையது. மோட்டாரைக் கவனிக்கவில்லை, அல்லது கவனித்தபோது காலம் கடந்துவிட்டது. ஆபத்து தெரிந்த நொடியிலிருந்து மோதும் நொடி வரை ஓட்டுநருக்குக் கிடைத்த நேரம் வழக்கமாக இரண்டு வினாடிக்கும் குறைவு. அந்தச் சிறு நேரத்திலும் பெரும்பாலோர் பின் பிரேக்கை அழுத்திச் சறுக்கினார்கள், முன் பிரேக்கைப் போதிய அளவு பிடிக்கவில்லை.

92 விழுக்காடு என்ற எண்ணைக் கண்டு வீட்டில் கற்றுக்கொடுப்பதே தவறு என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அந்தக் காலத்தில் அங்கே பெரும்பாலோர் அப்படித்தான் கற்றார்கள். பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2010இல் வெளிவந்த காக்ரேன் மதிப்பாய்வு, பயிற்சி வகுப்புகள் விபத்தைக் குறைக்கின்றன என்பதற்குப் போதுமான சான்று கிடைக்கவில்லை என்றது. திறமை கூடினால் துணிச்சலும் கூடுகிறது, இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. ஹர்ட் அறிக்கையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை அந்த இரண்டு வினாடியும் முன் பிரேக்கும்தான். ஏனென்றால் இரண்டையும் அப்பாவால் மகனுக்குக் கற்றுத்தர முடியும், பெரும்பாலும் கற்றுத்தருவதில்லை.

‘முன் பிரேக்கைத் தொடாதே, தூக்கி எறிந்துவிடும்’ என்பது தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் அறிவுரை. மணலிலும் சேற்றிலும் பழகியவர்களுக்கு அது சரியாகவே இருந்தது. தளர்ந்த மண்ணில் முன் சக்கரம் பூட்டிக்கொண்டால் விழுவது உறுதி. தார்ச்சாலையில் அதே அறிவுரை ஆளைக் கொல்லும். பிரேக் பிடித்ததும் வண்டியின் எடை முன்பக்கம் சாய்கிறது. முன் டயர் தரையில் அழுந்திப் பிடிப்பு கூடுகிறது, பின் டயர் லேசாகிப் பிடிப்பை இழக்கிறது. ஆகவே நிறுத்தும் வலிமையில் ஏறத்தாழ 70 விழுக்காடு முன்னாலிருந்தே வருகிறது. பின் பிரேக்கை மட்டும் நம்புகிறவருக்கு நிற்கத் தேவைப்படும் தூரம் இரு மடங்கை நெருங்கும். செய்ய வேண்டியது முன் பிரேக்கைச் சடாரென்று பிடுங்குவது அல்ல. முதலில் மெல்லப் பிடித்து, எடை முன்னால் வந்ததும் இறுக்குவது, கூடவே பின் பிரேக்கை அளவாக மிதிப்பது. வண்டி நேராக இருக்கும்போதுதான் இது பலிக்கும். வளைவில் சாய்ந்திருக்கும்போது சக்கரம் வழுக்கும்.

தூரக் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் மோட்டார் ஒரு வினாடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடிவிடும். கண் பார்த்து, மூளை உணர்ந்து, கை பிரேக்கைப் பிடிக்க ஒன்றரை வினாடி என்று வைத்தால் அதற்குள் 25 மீட்டர் போய்விட்டது. நன்றாகப் பிரேக் பிடித்தாலும் உலர்ந்த சாலையில் நிற்க மேலும் 23 மீட்டராவது வேண்டும். 90இல் போனால் மொத்தத் தூரம் 48இலிருந்து ஏறத்தாழ 90 மீட்டராகிவிடும். வேகம் ஒன்றரை மடங்கு, தூரம் இரு மடங்குக்குச் சற்றுக் குறைவு. ஞாயிற்றுக்கிழமை காலையில் காலியாகக் கிடக்கும் வாகன நிறுத்துமிடத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு, 30இலும் 40இலும் நிறுத்தவைத்து, வண்டி எங்கே நின்றது என்று காலடியால் அளக்கச் சொன்னால் எந்தப் பேச்சும் புகட்டாததை அது புகட்டிவிடும்.

பிரேக்குக்கும் முந்தியது கண். புதிதாக ஓட்டுகிறவர் முன்சக்கரத்துக்குச் சற்று முன்னால் உள்ள தரையைப் பார்க்கிறார். பழகியவர் வெகு தூரத்தைப் பார்த்துக்கொண்டே இடையிடையே அருகில் கண்ணை ஓட்டுகிறார். எதைப் பார்க்கிறோமோ அதை நோக்கியே வண்டி போகும் என்பதும் உண்மை. பயந்துபோய்க் குழியையே வெறித்தால் குழிக்குள்தான் விழ நேரும். உலு திராம் சாலைகளில் கண்ணுக்கு வேலை நிறைய. செம்பனைக் குலை ஏற்றிய லோரியிலிருந்து உதிர்ந்த பழம் நசுங்கிச் சாலையில் வழுக்கும். மண் லோரி வெளியேறும் இடங்களில் மணல் பரவிக் கிடக்கும். நீளமான லோரி இடப்பக்கம் திரும்பும்போது அதன் பின்சக்கரங்கள் முன்சக்கரங்கள் போன தடத்தில் வராமல் உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். இடப்பக்கத்தில் நுழைந்து நிற்கும் மோட்டாருக்கு அங்கே ஒதுங்க இடம் இருக்காது. லோரியின் பக்கக் கண்ணாடியில் ஓட்டுநரின் முகம் தெரியாவிட்டால் அவருக்கும் மோட்டார் தெரியவில்லை என்று பொருள்.

மழை தனிப் பாடம். நெடுநாள் வெயிலுக்குப் பின் பெய்யும் மழையின் முதல் சில நிமிடங்களில்தான் சாலை மிகவும் வழுக்கும். சாலையில் படிந்த எண்ணெயும் ரப்பர்த் தூளும் நீரோடு கலந்து மேலே வரும், இன்னும் கழுவிப் போயிருக்காது. வெள்ளைக் கோடுகளும் இரும்பு மூடிகளும் ஈரத்தில் பனிக்கட்டி. பருவமழை மாதங்களான நவம்பர் முதல் ஜனவரி வரை ஜோகூரில் இது அன்றாட நிலை. மழைக்கு ஒதுங்குகிறவர்கள் மேம்பாலத்தின் அடியில் சாலையோரத்திலேயே கூட்டமாக நிற்கும் வழக்கமும் பிள்ளைகள் பார்த்துப் பழகியதே. கண்ணாடி மங்கலான கார் ஒன்று ஓரம் தவறினால் போதும். மோட்டார்களுக்கென்று கட்டிய ஒதுங்குமிடமோ பெட்ரோல் நிலையமோ வரும்வரை மெதுவாகப் போவது நல்லது.

உலு திராமைப் போன்ற ஊர்களுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு, அது பாடப்புத்தகத்தில் இல்லாதது. சிங்கப்பூரில் வேலை பார்ப்பவர்கள் விடிவதற்கு வெகு முன்பே கிளம்பி ஜோகூர் பாலத்தை நோக்கிப் போகிறார்கள், இரவில்தான் திரும்புகிறார்கள். ஆயிரக்கணக்கான மோட்டார்கள் தோளோடு தோள் உரசிப் போகும் அந்த ஓட்டத்தில் பள்ளி முடித்த பையன் முதல் வேலைக்குச் சேர்ந்த வாரமே இறங்கிவிடுகிறான். பன்னிரண்டு மணி நேர வேலைக்குப் பின் கண் இமைகள் ஒரு வினாடி ஒட்டிக்கொண்டால் 60 கிலோமீட்டர் வேகத்தில் 17 மீட்டர் குருடாகப் போனதாகும். தூக்கத்தை வெல்லும் திறமை எவரிடமும் இல்லை; வழியில் நிறுத்திக் கால் மணி நேரம் கண்ணயர்வதுதான் வழி.

சட்டம் எதையும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கும் விதிகள் 1973இல் வந்தன. அதற்குப் பின் மோட்டார் சாவுகள் ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்ததாக 1984இல் வெளியான ஆய்வு காட்டியது. ஹெல்மெட் சாவின் ஆபத்தை 42 விழுக்காடும் தலைக்காயத்தின் ஆபத்தை 69 விழுக்காடும் குறைக்கிறது என்பது உலகளவிலான ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களின் முடிவு. பகலிலும் முன்விளக்கு எரிய வேண்டும் என்ற விதி 1992இல் வந்தது. புத்ரா பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் ராடின் உமார் சிரம்பானிலும் ஷா ஆலமிலும் செய்த ஆய்வு, மோட்டார் கண்ணில் படாததால் நடந்த விபத்துகள் அதன்பின் 29 விழுக்காடு குறைந்ததைக் காட்டியது. கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்குப் போகும் கூட்டரசு நெடுஞ்சாலையில் 1970களிலேயே மோட்டாருக்கென்று தனித்தடம் போட்டார்கள்; உலகில் அதற்கு முன்னோடி இல்லை என்பார்கள். மூன்றாம் எண் சாலையில் போகிறவருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

ஆனால் ஹெல்மெட் தலையில் இருப்பதும் கட்டியிருப்பதும் வேறு வேறு. தாடைப்பட்டி கட்டாத ஹெல்மெட் முதல் மோதலிலேயே கழன்று பறந்துவிடும். சிரிம் தர முத்திரை இல்லாத மலிவு ஹெல்மெட்டின் உள்பஞ்சு அடியை வாங்கிக்கொள்ளாது. ஒரு முறை கீழே பலமாக விழுந்த ஹெல்மெட், பார்வைக்கு நன்றாக இருந்தாலும் வேலை செய்து முடித்துவிட்டது. அண்ணன் போட்டதைத் தம்பிக்குக் கொடுக்கும் பழக்கம் சட்டைக்குச் சரி, ஹெல்மெட்டுக்கு அல்ல. அளவு பொருந்தாது, வரலாறும் தெரியாது. மலேசியாவில் குளிர்க்காற்றுக்காக ஜாக்கெட்டை முன்பின்னாகத் திருப்பிப் போட்டுக்கொள்கிறார்கள். வெளியூரிலிருந்து வருபவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும், காற்றுக்கு உண்மையிலேயே நல்ல மறைப்பு. ஆனால் முதுகுப்பக்கம் விரிந்து படபடக்கும், பின்னால் வருபவருக்குத் தெரிய வேண்டிய ஒளிரும் பட்டை முன்னால் வந்துவிடும். சிலிப்பர் போட்டுக்கொண்டு கியர் மாற்றும் காலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

பையனுக்குப் பதினாறு வயதில் பாடம் தொடங்குவதாக நினைப்பதே பிசகு. ஆறு வயதில் பின்னால் உட்கார்ந்து பள்ளிக்குப் போகும்போதே அது தொடங்கிவிட்டது. அப்பாவுக்கு ஹெல்மெட், பிள்ளைக்கு இல்லை, கடைதானே, பக்கம்தானே. அந்த ஒரு வரியைப் பிள்ளை நன்றாக மனப்பாடம் செய்துகொள்கிறது, பிற்பாடு தம்பியை ஏற்றிக்கொண்டு போகும்போது அதையே சொல்கிறது. கால் மிதிகட்டைக்கு எட்டாத குழந்தையின் பாதம் பின்சக்கரக் கம்பிகளுக்குள் சிக்குவது மருத்துவமனைகளுக்குப் பழக்கமான காயம். இந்தியாவில் ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைகளை ஏற்றிச் செல்ல ஹெல்மெட்டும் பாதுகாப்புப் பட்டையும், மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மிகாத வேகமும் வேண்டும் என்று 2022இல் விதி கொண்டுவந்தார்கள். வயது வராத பிள்ளையிடம் வண்டியைக் கொடுக்கும் பெற்றோருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் என்பது அங்கே 2019இல் வந்த சட்டத் திருத்தம். மலேசியாவிலும் லைசன் இல்லாதவரிடம் வண்டியைக் கொடுப்பது 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி குற்றமே.

வேகத்தின் மேல் ஏக்கம் லைசனுக்குக் காத்திருப்பதில்லை. 2017 பிப்ரவரி 18 அதிகாலை மூன்றரை மணி அளவில் ஜோகூர் பாருவின் லிங்காரான் டாலாம் சாலையில், பிரேக் கழற்றப்பட்ட ‘பாசிக்கால் லாஜாக்’ சைக்கிள்களில் கூட்டமாகப் போன பதின்ம வயதினர் மீது கார் மோதி எட்டுப் பேர் இறந்தார்கள். காரை ஓட்டியவர் மீதான வழக்கும் அதன் தீர்ப்புகளும் நாட்டை ஆண்டுக்கணக்கில் பேசவைத்தன. பேச்சில் குறைவாக வந்தது, அந்தப் பிள்ளைகளுக்கு ஓட வேறு இடம் இருந்ததா என்பது. பாசிர் கூடாங்கில் இருந்த ஜோகூர் பந்தயத் திடலில் 1998இல் மலேசிய மோட்டார் கிராண்ட் பிரீயே நடந்தது. கப்சாய்களுக்கான கப் பிரீ போட்டிகளில் ஓடித் தேர்ந்த இளைஞர்கள் பலர். சாலையில் மோட்டார் பந்தயம் விடும் ரெம்பித் கூட்டத்தை அங்கிருந்து விரட்டுவது மட்டும் போதாது என்று சொல்கிறவர்கள் சுட்டுவது இத்தகைய திடல்களைத்தான்.

படிப்படியாகக் கொடுப்பதே பலன் தருகிறது என்பதற்குச் சான்று உண்டு. நியூசிலாந்து 1987இல் இளம் ஓட்டுநர்களுக்குப் படிநிலை லைசனைக் கொண்டுவந்தது: முதலில் இரவில் ஓட்டத் தடை, பின்னால் ஆள் ஏற்றத் தடை, பிறகு ஒவ்வொன்றாகத் தளர்வு. 15 முதல் 19 வயது வரையிலானோர் மோட்டார் விபத்தில் மருத்துவமனையில் சேர்வது ஏறத்தாழ 22 விழுக்காடு குறைந்தது. பாலத்துக்கு அப்பால் சிங்கப்பூரில் 18 வயதுக்கு முன் மோட்டார் லைசன் கிடையாது. முதலில் 200 சிசி வரை, ஓராண்டு கழித்து 400 வரை, மேலும் ஓராண்டு கழித்துத்தான் அதற்கு மேல். மலேசியச் சட்டத்தில் இவ்வளவு படிகள் இல்லை, ஆனால் வீட்டில் வைத்துக்கொள்ளத் தடை ஒன்றும் இல்லை. முதல் மூன்று மாதம் பகல் மட்டும், தாமானும் பள்ளி வழியும் மட்டும்; அதற்குப் பின் பெரிய சாலை, அப்பா பின்னால் வேறு மோட்டாரில் வர; மழையும் இரவும் அடுத்து; பின்னால் ஆள் ஏற்றுவது கடைசி. நண்பன் ஒருவன் பின்னால் ஏறியதும் ஓட்டுகிறவனின் புத்தி பாதியாகிவிடும் என்பது அனுபவம். இந்த ஏற்பாட்டில் அப்பாவும் ஓட்டும் முறையை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும், இரண்டு மாதமாவது சிவப்பு விளக்கில் நிற்க வேண்டும். பல வீடுகளில் இதுதான் தடங்கல்.

கொடுக்கும் வண்டியும் சரியாக இருக்க வேண்டும். 2025 முதல் 150 சிசியும் அதற்கு மேலும் உள்ள புதிய மோட்டார் மாடல்களுக்கு, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் பிரேக் கட்டாயம். கைமாறும் பழைய கப்சாய்களில் அது இருக்காது. பலவற்றில் முன்னும் பின்னும் டிரம் பிரேக்தான். ஆகவே பிரேக் ஷூ தேய்ந்திருக்கிறதா, கேபிள் இழைந்து போயிருக்கிறதா என்பதை மெக்கானிக்கிடம் காட்டிவிட்டுத்தான் சாவி போக வேண்டும். வழவழவென்று தேய்ந்த டயர் ஈரச்சாலையில் நீரை ஒதுக்காது. சங்கிலி மிகவும் தளர்ந்திருந்தால் கழன்று பின்சக்கரத்தைப் பூட்டும். கண்ணாடிகளைக் கழற்றிவிட்டு அழகுக்குச் சிறியவற்றை மாட்டுவது, பின்விளக்கைக் கறுப்பாக்குவது, ஒலி கூட்ட எக்ஸாஸ்ட்டை மாற்றுவது என்று பையன்கள் முதல் மாதத்திலேயே தொடங்கும் வேலைகளில் முன்னிரண்டும் பையன் மற்றவர்களைப் பார்ப்பதையும் மற்றவர்கள் கண்ணில் படுவதையும் நேரடியாகக் குறைக்கின்றன. வண்டி அப்பாவின் பெயரிலேயே இருந்தாலும், ஓட்டுகிறவருக்குச் செல்லுபடியாகும் லைசன் இருந்தால்தான் காப்புறுதி துணை நிற்கும். இல்லையென்றால் இழப்பீட்டுச் சுமை குடும்பத்தின் தலையில் விழும்.